சிவப்புத் துளி

"கிடைச்சிடுச்சு!" என்று கூவியபடி பாட்டிலை மேசையில் வைத்தான் கணவன். தயாரிப்பையே நிறுத்திவிட்ட சிங்கிள் மால்ட் விஸ்கி. ஒரு வருஷமாகச் சல்லடை போட்டுத் தேடியது.

"எந்தக் கடையில?" என்றாள் மனைவி.

"கடையில ஏது? ஆன்லைன்ல ஒருத்தர் வித்தார். கொள்ளை விலைதான், ஆனா அசல் சரக்கு."

"அசல்னு எப்படித் தெரியும்?"

"லேபிள் ஓரத்துல சிவப்பா ஒரு துளி இருக்கே, அது மூடிக்கு அரக்கு வைக்கும்போது சிந்தினது. போலி பண்றவனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் வராது."

அவள் அந்தத் துளியையே உற்றுப் பார்த்தாள். அவன் மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினான்.

"அதே புகை வாசனை! என் நாக்கை ஏமாத்த முடியாது."

"ஏங்க, போன வருஷம் நீங்க குடிச்சு முடிச்சுப் பரண்ல போட்டீங்களே இதே விஸ்கி பாட்டில், அதைப் போன மாசம் நானும் ஆன்லைன்லதான் வித்தேன்."

"காலி பாட்டிலை எவன் வாங்குவான்?"

"அதான் எனக்கும் அப்போ புரியல," என்று சிவந்த விரல் நகங்களை லேபிளின் பக்கத்தில் வைத்தாள். "இது அரக்கு இல்லைங்க. பார்சல் கட்டும்போது சிந்தின என் நெயில் பாலிஷ்."