ஆறுதல் சொன்ன கயிறு

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு பெட்டிக்கடை. வருகிறவர்கள் சிகரெட் பற்றவைக்க அங்கே ஒரு தேங்காய்நார்க் கயிறு நுனியில் கனன்றபடி தொங்கும். தன்னால்தான் ஊரில் பாதிப் பேருக்குக் கவலை தீர்கிறது என்று அதற்கு ஒரே பெருமை.

பிளஸ் ஒன் படிக்கிற ஜெரால்டு அன்றைக்கும் கை நடுங்க வந்தான். பற்றவைத்துக்கொண்டு அங்கேயே சாய்ந்து நின்றான். அவன் சட்டைப்பையில் இருந்த பேனாவிடம் கயிறு சொன்னது:

"பாத்தியா, எவ்வளவு பதற்றமா வந்தான். ரெண்டு இழுப்புல அடங்கிட்டான்."

"அடுத்த பீரியட்ல மறுபடி ஆரம்பிச்சிடும்," என்றது பேனா. "உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அவனுக்குப் பரீட்சைன்னா மட்டும்தான் பயம். அப்பகூட கை நடுங்கினதில்ல. இப்ப அட்டென்டன்ஸ்ல பேர் கூப்பிட்டாலே நடுங்குறான். சரியாத் தூங்கறதும் இல்ல. நேத்து நோட்டுல கடைசிப் பக்கம் முழுக்க என்னை வச்சு ஒரே வரியை எழுதினான்."

"என்ன வரி?"

"நான் எதுக்கு இருக்கேன்."

கயிற்றுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் அவனைத் தேற்றி அனுப்புவதாக அல்லவா நினைத்திருந்தது. இனி இவனுக்கு நெருப்புத் தருவதில்லை என்று மூச்சை அடக்கிக்கொண்டது. கனல் மங்கி, நுனியில் சாம்பல் பூத்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஜெரால்டு திரும்பவும் வந்தான். அணையப்போகிற நுனியைப் பார்த்தான். இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்து, மெதுவாக, அக்கறையாக ஊதினான்.

வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்கவே கயிறு சிவந்தது.