பத்து நிமிட வேலை

பாலங்கள் வடிவமைக்கும் அலுவலகத்துக்குச் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பூஜையில் வைத்த சந்தனப் பொட்டே அதன் பாதி முகத்தை மறைத்தது.

“இந்த உடம்புக்குள்ள மூளையா? நம்பச் சொல்றீங்களா?” என்றது மேஜைக்கடியில் இருந்த பழைய பெரிய கம்ப்யூட்டர்.

பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கைப் புதுசு பத்தே நிமிடத்தில் முடித்தது.

“சத்தமே வரலியே! எங்கேயோ பார்த்து எழுதியிருக்கு” என்றது பழசு.

எஞ்சினியர் தில்லைநாயகிக்கும் அதே சந்தேகம். “எதுக்கும் பழசுலயும் ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்” என்றார்.

பழசு சாயங்காலம்வரை இரைந்து, சூடேறி, அதே விடையைச் சொன்னது. “பயப்படாதே, உன்னுது சரிதான்” என்று புதுசுக்குத் தைரியமும் சொன்னது.

மறுநாளிலிருந்து புதுசு பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு, சாயங்காலம்வரை பழசின் சம்மதத்துக்குக் காத்திருந்தது.