திராட்சை போடாத புட்டிங்

"தூ! யாராவது தண்ணி கொண்டாங்க!"

மெர்டெல் செய்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு புட்டிங்கை வாயில் வைத்தவர்கள் எல்லாம் வேலியோரம் ஓடித் துப்பினார்கள். ஒரே உப்பு.

"ஏண்டி மெர்டெல், தேங்காய்ப்பாலுக்குப் பதிலா கடல் தண்ணியையா ஊத்தின?" ஐவரீன் விடவில்லை. "என் பக்கத்துலயே உக்காந்துதானே கிளறின? லின்வல், கிங்ஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போகவேண்டியது என்னை இல்லடா, இவளைத்தான்!"

கூட்டம் சிரித்தது.

"தப்புதான் அக்கா," என்றாள் மெர்டெல்.

ஐவரீனுக்கு மறதி முற்றிவிட்டது, இனித் தனியாக விடமாட்டேன் என்று மகன் லின்வல் வண்டியோடு வந்திருந்தான். புருஷனைப் புதைத்த முற்றத்தை விட்டு வரமாட்டேன் என்று இவள் ஒரே பிடிவாதம்.

"என் கையால புட்டிங் செய்யறேன். தின்னு பாத்துட்டுச் சொல்லு, எனக்கு மறதியா இல்லையான்னு!"

அவளுக்கு வைத்த பரீட்சையில் பக்கத்து வீட்டு மெர்டெல் எதற்குத் தன் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள்? அடியில் கரித்தணல், மூடி மேலும் கரித்தணல், இரண்டு சட்டியும் அருகருகே வெந்தன. போட்டிக்கு வந்து மூக்கறுபட்டாள் என்றுதான் அக்கம்பக்கத்தார் நாங்கள் பேசிக்கொண்டோம். எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

ஐவரீன் சட்டியிலிருந்ததோ அமிர்தம். லின்வல் இரண்டு துண்டு தின்றான்.

"சரிம்மா. நீ இங்கயே இரு."

ஐவரீன் அழுதேவிட்டாள்.

எல்லோரும் போய், ஐவரீனும் உள்ளே படுத்தபின் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். லின்வல் மெர்டெலிடம் வந்தான்.

"சித்தி, அம்மா துணி மாத்த உள்ள போனப்ப ரெண்டு சட்டியையும் இடம் மாத்திட்டீங்க. அப்படித்தானே?"

மெர்டெல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க உப்பை அள்ளிப் போட்டதைப் பாத்தேன் தம்பி. சொன்னா உடைஞ்சு போயிடுவாங்க. இங்கேருந்து கூட்டிட்டுப் போயிட்டா உசிரோட இருக்கமாட்டாங்க. அடுப்புப் பக்கம் தனியா விடமாட்டேன், ராத்திரி நானே வந்து படுத்துக்கறேன். காட்டிக் கொடுத்துடாதப்பா."

"மாட்டேன் சித்தி. நானும் வாராவாரம் வரேன்."

"அது சரி, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

லின்வல் மிச்சமிருந்த உப்புப் புட்டிங்கில் ஒரு துண்டை எடுத்து, துப்பாமல் மென்று விழுங்கினான். கண்ணில் நீர் வழிந்தது.

"சின்ன வயசுலேருந்தே எனக்குத் திராட்சை பிடிக்காது. இந்த ஊர்ல திராட்சை போடாம புட்டிங் செய்யறது எங்கம்மா மட்டும்தான். இனிப்பா இருந்ததுல பூரா திராட்சை. இதுல ஒண்ணுகூட இல்ல. எது உப்பு, எது சர்க்கரைன்னே மறந்துட்டாங்க சித்தி, எனக்கு எது பிடிக்காதுங்கறதை மட்டும் மறக்கல."