டைகர் துப்பிய மாத்திரை

பிலோமினா மாதாமாதம் மாத்திரையைத் தயிர்சோற்று உருண்டைக்குள் பொதிந்து ஊட்டுவாள். நாய் டைகர் சோற்றை மட்டும் விழுங்கும். மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்து, அவள் போனதும் பீரோவுக்கு அடியில் துப்பிவிடும்.

"கொசு கடிச்சா நெஞ்சுக்குள்ள புழு வளருமாம். முழுங்கித் தொலையேன்டா," என்றது வீட்டுப் பூனை.

"கொசுவாவது, என்னைக் கொல்றதாவது!" என்று சிரித்தது டைகர்.

இரண்டு மழைக்காலம் போனது. டைகருக்கு இருமல் வந்தது. வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியது.

"நெஞ்சுல புழுவா? மாசம் தவறாம மாத்திரை குடுத்தேனே டாக்டர்!" என்று பிலோமினா போனில் கதறினாள். டைகர் பீரோ பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் அவள் உருண்டையோடு வந்தாள். டைகர் தானாகவே வாயை அகலத் திறந்தது. ஒரு பருக்கை விடாமல் விழுங்கிவிட்டு, கசப்புக்காகக் காத்திருந்தது.

புழு வளர்ந்துவிட்ட பிறகு அந்த மாத்திரை உதவாது, இனி வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வெறும் தயிர்சோறு.