கண்ணை மூடிக் கட்டிய வீடு

துபாயில் பன்னிரண்டு பேர் படுக்கும் அறை. வேலை முடிந்து வந்ததும் சதக்கத்துல்லா கண்ணை மூடிக்கொள்வார். வேண்டியதைத் தினமும் மனக்கண்ணில் பார்த்தால் நடந்தே தீரும் என்று யூடியூபில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். பெரியபட்டினத்தில் கட்டப்போகும் வீட்டுக்குள், வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நடப்பார்.

மேல்கட்டிலில் இருந்து சுரேஷ் குனிந்து கேட்பான். “அண்ணே, இன்னைக்கு எந்த ரூம் வரைக்கும் போனீக?”

“அடுப்படிக்கு டைல்ஸ் ஒட்டியாச்சுடா.”

“வீட்டுல ஆளுகளையே காணோமே?”

“அவுக எங்கடா போகப் போறாக? மொதல்ல வீடு வரட்டும்.”

பதினான்காம் வருடம் வீடு முடிந்தது. விசாவை முடித்துக்கொண்டு ஊர் வந்தார். வாசல், கூடம், அடுப்படி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பார்க்காமலே கையை நீட்டினார். சுவிட்ச் அங்கேயே இருந்தது.

மனைவி லத்தீபா சென்னையில் மகள் வீட்டிலிருந்து போனில் பேசினாள். “யும்னா வேலைக்குப் போயிட்டா பேத்திய யாரு பாத்துக்கிறது? இங்கன ஒத்த ரூம்தான், இல்லாட்டி உங்களையும் வரச் சொல்லிருவேன். வீடு புடிச்சிருக்கா?”

“நெனச்ச மாதிரியே இருக்கு.”

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடி, வாசலில் இருந்து தொடங்கினார். கதவை மறிக்கும் செருப்புக் குவியல். கொடியில் காயும் கைலிகள். அடுக்கடுக்காய் இரும்புக் கட்டில்கள். தன் கீழ்க்கட்டிலில் போய்ப் படுத்தார்.

மேலேயிருந்து சுரேஷ் குனிந்தான். “அண்ணே, இன்னைக்கு எந்த ரூம் வரைக்கும் போனீக?”

“இந்த ரூம் வரைக்கும்தான்டா,” என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம்தான் தூக்கம் வந்தது.