முதல் பரிசு

“நம்ம வீட்டு வேலைக்காரம்மா ஒரு புடவைக்காகத் தன் ஓட்டை வித்துட்டாங்களாம். சீ, இவங்களாலதான் நாடு உருப்படாம போகுது!” என்றபடி கணவன் இரண்டாவது ஆம்லெட்டைத் தட்டில் வைத்துக்கொண்டான்.

மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருப் பூங்காவை இடித்து வணிக வளாகம் கட்டப் பார்க்கும் கவுன்சிலரைத் தோற்கடிக்க, வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். பிள்ளைகள் அடம்பிடித்ததால், வாக்குப்பதிவு நாளில் இந்தக் கடற்கரை விடுதியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“நம்ம ஓட்டு இல்லேன்னா என்ன குடியா முழுகிடும்? சூப்பர் மார்க்கெட் குலுக்கல்ல முதல் பரிசு, மூணு நாள் இலவசம். விட முடியுமா?”

அப்போது பக்கத்து வீட்டு டாக்டர் குடும்பத்தோடு உள்ளே வந்தார்.

“அட, நீங்களுமா? எங்களுக்கும் முதல் பரிசு!”

பின்னாலேயே எதிர்வீட்டு வக்கீல், மாடிவீட்டுப் பேராசிரியர். ஹால் முழுக்க அவர்கள் தெருதான்.

விடுதி மேலாளர் சிரித்தபடி வந்தார். “எல்லாம் சௌகரியமா இருக்கா? எங்க முதலாளியோட மச்சான்தான் உங்க கவுன்சிலர். தெருக்காரங்க ஒருத்தரையும் விடாம கவனிச்சுக்கச் சொன்னார்.”

அவள் எழுந்தாள்.

“மூணு மணி நேரப் பயணம்தான். இப்பவே கிளம்பினா எல்லாரும் ஓட்டுப் போட்டுடலாம்!”

டாக்டர் தட்டைப் பார்த்தார். வக்கீல் இன்னொரு காபி கேட்டார்.

கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “உட்காரும்மா. சாயங்காலம் படகு சவாரி வேற இருக்கு.”

அவள் கையை விடுவித்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள்.

“வேலைக்காரம்மாவுக்குப் புடவையாவது மிஞ்சும்” என்றாள்.