பாதி விலை

“பாதி விலைதான் என்னால முடியும்ணே” என்றாள் ஓட்டக்காரி.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஷூ பெட்டியை மூடினார். “வேலையை விட்டுட்டு நாள் பூரா ஓடினா கையில காசு எப்படிம்மா நிக்கும்? பாவம், சும்மாவே எடுத்துட்டுப் போ.”

“இனாம் வேண்டாம். மீதியை இவ குடுப்பா.”

வாசலில் நின்ற இன்னொருத்தி உள்ளே வந்து பணத்தை நீட்டினாள். முதலாமவள் வலது ஷூவை மாட்டிக்கொள்ள, வந்தவள் இடது ஷூவை எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு கால்தான். மறுகாலுக்குப் பதில் ஓடுவதற்கான வளைந்த தகடு.

“போன பந்தயத்துல என்னைத் தோற்கடிச்சவ இவதான்ணே. இந்தத் தடவை விடமாட்டேன்.”

“பார்க்கலாம்டி!” என்றாள் இடது ஷூக்காரி.